கொடுக்கும் வீடும் விளையாடும் பிள்ளைகளும்: காவிரிப் படுகைப் பெற்றோரின் கேள்விகளும் விடைகளும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பிள்ளை வளர்க்கும் குடும்பங்கள், வீடாகச் சேர்ந்து தருமம் செய்வதைப் பற்றி அடிக்கடி எழுப்பும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பலவற்றின் அடியில் ஒரே தயக்கம் இருக்கிறது: கொடுக்கும் பழக்கம் பிள்ளைக்கு வர வேண்டும், ஆனால் அதற்கான நேரத்தை அதன் விளையாட்டிலிருந்து எடுக்க வேண்டுமா? எடுக்க வேண்டியதில்லை என்பதும், விளையாடும் இடத்தையும் வசதியையும் பிற பிள்ளைகளுக்குத் தருவதே ஒரு குடும்பம் செய்யக்கூடிய நல்ல கொடை என்பதும் இந்தப் பக்கத்தின் நிலைப்பாடு.

எந்த வயதில் தொடங்கலாம்?

வாசலில் வந்து நிற்பவருக்கு அப்பாயி அரிசி போடும்போது, நடக்கப் பழகிய பிள்ளையும் கூடவே கையை நீட்டும். அதுவே தொடக்கம், தனியாக நாள் குறிக்க வேண்டியதில்லை. ஆறு வயது வரை பார்ப்பதும் கூட நிற்பதும் போதும். ஏழு எட்டு வயதில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம்: வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கு இந்த ஆண்டு மோர் கொடுப்பதா, எலுமிச்சைச் சாறா என்று கேட்டுவிட்டு, பிள்ளை சொன்னதையே செய்ய வேண்டும். கேட்டுவிட்டு மாற்றுவது, கேட்காமலே இருப்பதைவிட மோசமானது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் செலவுக் கணக்கையே ஒப்படைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் முதியோர் இல்லத்துக்கு உணவு கொண்டு செல்கிறோம். ஒன்பது வயது மகன் வர மறுத்துக் கிரிக்கெட் ஆடப் போகிறான். வற்புறுத்தலாமா?

வற்புறுத்த வேண்டாம். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாகக் குறைந்தது 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம் எல்லாம் போக நம் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரம் வாரநாட்களில் கிடைப்பதே அரிது. கோடையில் வெயில் தாழ்ந்து விளக்கு வைப்பதற்குள் இருக்கும் சிறு இடைவெளியில்தான் திடலில் கூட்டம் சேர முடிகிறது. ஞாயிறு மாலை ஒன்றுதான் முழுமையாக அவனுடையது. அதையும் நீங்கள் எடுத்துக்கொண்டால், கொடுப்பது என்பது தன்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொள்ளும் வேலை என்று அவன் மனத்தில் பதியும். வாதம் செய்து அந்த எண்ணத்தைப் பிறகு அழிக்க இயலாது.

நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டியவர்கள் பெரியவர்கள்தான். உணவைக் காலையில் கொண்டு செல்லலாம். அது இயலாதபோது, பொட்டலம் கட்டும் பத்து நிமிட வேலையை மகனிடம் கொடுத்துவிட்டு, முடித்ததும் ஆடப் போக விடலாம். இல்லத்துப் பெரியவர் யாருக்கேனும் கிரிக்கெட்டில் ஆர்வம் இருந்தால் மாதத்தில் ஒருநாள் அவன் தானாகவே உங்களுடன் வரவும் கூடும்.

விளையாட்டும் கொடையும் ஒன்றாகிவிடும் நாட்களும் இங்கே உண்டு. சித்திரையில் திருவையாற்றிலிருந்து புறப்படும் பல்லக்கு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் வழியாகச் சுற்றி வரும் ஏழூர்த் திருவிழாவில், வழியெங்கும் வீடுகளின் முன்னால் நீர்மோரும் பானகமும் வைத்திருப்பார்கள். அன்று குவளையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடும் பிள்ளைக்கு, தான் ஓடி ஆடுகிறதா, தாகம் தீர்க்கிறதா என்ற வேறுபாடே தெரியாது. பல்லக்கிலுள்ள சாமிக்குப் பொம்மை பூப்போடுவதைப் பார்க்கும் ஆவல் வேறு அதை இழுக்கும். ஆடிப் பதினெட்டும் அப்படிப்பட்டதே. சப்பரம் இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நடுவில், சப்பரம் இல்லாத பிள்ளை ஒன்று கட்டாயம் நிற்கும். உங்கள் வீட்டுக்கு ஒன்று வாங்கும்போது இன்னொன்றும் சேர்த்து வாங்குவது பெரிய செலவன்று. இப்படிப்பட்ட நாட்களை ஆண்டுக்கு நான்கைந்து தேர்ந்தெடுத்துக்கொண்டால், மற்ற ஞாயிறுகளைப் பிள்ளைக்கே விட்டுவிடலாம்.

“விளையாடி என்ன கிடைக்கப் போகிறது, பேரன் தண்ணீர்ப் பந்தலில் நின்று புண்ணியம் தேடட்டும்” என்கிறார் மாமனார். அவரிடம் என்ன சொல்வது?

அவர் மதிக்கும் மரபிலிருந்தே சொல்லுங்கள். பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் தெய்வத்தைக் குழந்தையாக்கிப் பத்துப் பருவங்களில் வைத்துப் பாடினார்கள். ஆண்பாலில் கடைசி மூன்று பருவங்களும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று விளையாட்டுகளே. பெண்பாலில் அம்மானையும் ஊசலும் வருகின்றன. முருகனுக்கே விளையாட நேரம் ஒதுக்கிய மரபு, பேரனுக்கு ஒதுக்காமல் போகுமா?

மாமனார் சளைக்காமல் திங்களூர் அப்பூதியடிகளைச் சொல்லக்கூடும். திருநாவுக்கரசரைக் காண்பதற்கு முன்பே அவர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்து, தம் பிள்ளைகளுக்கும் அதே பெயரைச் சூட்டிய குடும்பம் அது. சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் பந்தலை நடத்தியவர் பெரியவர்தான். வீட்டு மூத்த பிள்ளையிடம் பெற்றோர் கேட்டது, விருந்தினர் உண்ண ஒரு வாழையிலை அரிந்து வரும் வேலை. (அதன்பின் நடந்தது வேறு கதை.) அளவும் முடிவும் உள்ள ஒரு வேலையைத் தாத்தா பேரனுக்குத் தரட்டும், பானையில் நீர் நிரப்புவது, குவளைகளைக் கழுவி அடுக்குவது என்று ஏதாவது ஒன்று. அது முடிந்தபின் பேரன் எங்கே போகிறான் என்று அவர் கேட்கக்கூடாது என்பதையும் அப்போதே பேசி முடித்துக்கொள்வது நல்லது.

எங்கள் வருமானம் அறுவடையை நம்பியது. தருமத்துக்கு எப்படி ஒதுக்குவது?

சம்பளம் வாங்குவோருக்குச் சொல்லப்படும் ‘மாதம் இத்தனை விழுக்காடு’ என்ற கணக்கு நெல் வீடுகளுக்குப் பொருந்தாது. குறுவைப் பணம் புரட்டாசி, ஐப்பசியிலும், சம்பா, தாளடிப் பணம் தை, மாசியிலும் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் உரமும் நடவுக் கூலியுமாகப் பணம் போய்க்கொண்டேதான் இருக்கும். எனவே களத்திலேயே ஒதுக்குவதுதான் முறை. கலத்துக்கு ஒரு மரக்கால் என்று ஒதுக்கினால் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விடும். குத்தகையும் நகைக்கடனும் உள்ள வீட்டுக்கு அது தாங்காது. கலத்துக்கு ஒரு படி என்று தொடங்குங்கள். கடன் வாங்கித் தருமம் செய்வதைப் பிள்ளை பார்க்க வேண்டியதில்லை.

இக்காலத்தில் ஒரு சிக்கல் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. நெல் களத்திலிருந்து நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போய், விலை வங்கிக் கணக்கில் வந்து விழுவதால், விளைந்ததும் பிரிந்ததும் பிள்ளையின் கண்ணில் படுவதே இல்லை. ஒரு மூட்டையையாவது வீட்டுக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து கொடுப்பதைக் காட்டுங்கள். அதைவிட எளியது பழைய பிடி அரிசிப் பழக்கம். உலை வைக்கும்போது பிள்ளை தன் கையால் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட வேண்டும். பிள்ளைக் கைப்பிடி 30 கிராம் அளவு இருக்கும். மாதம் முடியும்போது ஏறத்தாழ ஒரு கிலோ சேரும். நாளுக்கு அரை நிமிடம்கூட ஆகாத இந்தக் கொடையால் எந்த ஆட்டமும் தடைப்படுவதில்லை என்பதால், இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் எல்லாவற்றிலும் முதலில் செய்யத்தக்கதாக இதையே கருதுகிறோம்.

நிலமில்லாத, கூலிக்கு நடவு நடும் வீடுகளுக்கும் இது பொருந்தும். அண்டை வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து உலை வைப்பது அந்த வீடுகளில் வழக்கமாக நடப்பதுதான். அதற்கு யாரும் கொடை என்று பெயர் வைப்பதில்லை.

பழைய பொம்மைகளை யாருக்கு, எப்படிக் கொடுப்பது?

பிள்ளையைக் கேட்காமல், அது பள்ளிக்குப் போன நேரத்தில் மூட்டை கட்டக்கூடாது. எதைத் தருவது, எதை வைத்துக்கொள்வது என்பது பொம்மைக்கு உரியவரின் முடிவு. காதறுந்த யானை ஒன்றைத் தர மறுத்தால் அதைக் கஞ்சத்தனம் என்று பழிக்க வேண்டாம். உடைந்ததைத் தருவதும் சரியன்று. சக்கரம் கழன்ற கார், பக்கம் கிழிந்த வண்ணம் தீட்டும் புத்தகம் போன்றவை குப்பைக்கு உரியவை.

அங்கன்வாடிக்குக் கொடுப்பதாக இருந்தால், அங்கே மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால், வாயில் போட்டு விழுங்கக்கூடிய சிறு பாகங்கள் உள்ளவற்றையும், பட்டன் பேட்டரி உள்ளவற்றையும் விலக்குங்கள். பல்லாங்குழியோடு சோழியும் புளியங்கொட்டையும் போகுமானால் அது பெரிய பிள்ளைகளுக்குத்தான். புதிதாக வாங்கித் தருவோர் ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். 14 வயதுக்குட்பட்டோரின் விளையாட்டுப் பொருள்களுக்கு அது 2021 ஜனவரி முதல் கட்டாயம். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைக் கொடையாகத் தரும் ஆசை பலருக்கு வருகிறது. அது அழகானதுதான், ஆனால் பந்துபோல் எறிந்து ஆட அது தாங்காது.

மகளின் பிறந்தநாளைக் குழந்தைகள் இல்லத்தில் கொண்டாட விரும்புகிறோம். சரியா?

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இந்த ஏற்பாடு பெரும்பாலும் தவறாகவே முடிகிறது. இல்லத்துப் பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கை கழுவி, வரிசையில் அமர்ந்து, முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்கு வாழ்த்துப் பாட்டுப் பாடி, கேக் துண்டைப் பெற்றுக்கொண்டு, நன்றி சொல்லி, படத்துக்கு நிற்க வேண்டியிருக்கிறது. விடுமுறை நாட்களில் ஒரே நாளில் இரண்டு மூன்று குடும்பங்கள் வந்துவிட்டால் அவர்களுடைய நாள் முழுதும் இப்படியே கழியும். உங்கள் மகளுக்கு மகிழ்ச்சியான அந்த மாலை, அவர்களுடைய விளையாட்டு நேரத்தை விலையாகக் கொண்டது.

படம் எடுத்து வாட்ஸ்அப் நிலையில் வைப்பது பண்புக்குறைவு மட்டுமன்று. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளிப்படுத்தும் பெயர், முகவரி, படம் ஆகியவற்றை வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அதே சட்டத்தின்படி இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதால், பதிவுச் சான்றைப் பார்த்த பிறகே எதையும் கொடுங்கள். எங்கேனும் பிள்ளைகள் துன்புறுத்தப்படுவதாக ஐயம் எழுந்தால் 1098 என்ற எண்ணை அழைக்கலாம்.

பிறந்தநாளை வீட்டில் கொண்டாடிவிட்டு, இல்லப் பொறுப்பாளரிடம் தேவையைக் கேட்டுப் பொருளையோ பணத்தையோ பிள்ளைகள் பார்க்காமல் சேர்ப்பித்துவிடுவதே சிறந்தது. பல இடங்களில் தேவைப்படுவது சோறன்று; செருப்பு, சானிட்டரி நாப்கின், கேரம் காய்கள், காற்றடிக்கும் பம்பு ஆகியவை. மகள் அங்குள்ளவர்களோடு பழக வேண்டும் என்று விரும்பினால், இல்லம் அனுமதிக்கும் நாளில், கையில் எந்தப் பையும் இல்லாமல், மாதந்தோறும் ஒரு மாலை கொக்கோ ஆட அனுப்புங்கள். தோற்று வந்தால் இன்னும் நல்லது.

இதற்கெல்லாம் வரிச் சலுகை உண்டா?

80ஜி என்று அறியப்படும் சலுகை, அதற்குத் தகுதி பெற்ற அமைப்புக்குப் பணமாகத் தந்தால்தான் கிடைக்கும். அரிசி, துணி, பந்து முதலிய பொருள்களுக்குக் கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தாலும் கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை.

அரசுப் பள்ளிக்கு எதைத் தரலாம்?

முன்பு பலரும் உணவு தர விரும்பினார்கள். 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளையில் காலை உணவுத் திட்டம் விரிவாக்கித் தொடங்கப்பட்டபின், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை, மதியம் இரு வேளையும் பள்ளி நாட்களில் உணவு கிடைக்கிறது. எனவே உங்கள் கொடையை விளையாட்டின் பக்கம் திருப்பலாம்: தாண்டும் கயிறு, வளையம், வலைப்பந்து, வாலிபால் வலை, கோடு போடச் சுண்ணாம்பு. தலைமை ஆசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பெரிய தொகையாக இருந்தால் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் வழியாகத் தரலாம். பந்து தேயும், வலை அறுந்துபோகும். ஒருமுறை பெரிதாகத் தந்து சுவரில் பெயர் எழுதுவதைவிட, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் இரண்டு பந்து தருவது பயன் மிகுந்தது. பீரோவுக்குள் பூட்டி வைக்கப்படும் கேரம் பலகையை யாருக்குக் கொடுத்தும் பயனில்லை என்பதால், அடுத்த முறை போகும்போது முந்தையது எங்கே இருக்கிறது என்று பணிவாகக் கேட்கலாம்.

ஊருக்கு அருகே எங்களுக்குச் சிறிய திடல் இருக்கிறது. பிள்ளைகள் விளையாட விடலாமா?

விடுங்கள். படுகையில் தண்ணீர் நிற்காத மேட்டு நிலம் குறைவு; இருப்பதில் பெரும்பகுதி மனைப்பிரிவாகிவிட்டது. அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடையே வயலில் ஆடலாம், களத்தில் ஆடலாம். நெல் காயும்போது துரத்தப்படுவார்கள். தஞ்சை மராட்டிய அரசர் இரண்டாம் சரபோஜி காலத்தில் ஒரத்தநாட்டில் எழுந்த முத்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கருக்குச் சோறும் பிள்ளைகளுக்குக் கல்வியும் கிடைத்தன. அந்தக் காலத்தில் ஊருக்குத் தேவைப்பட்டவை சோறும் எழுத்தும் என்றால், இந்தக் காலத்தில் தேவைப்படுவது ஓடுவதற்கு இடம் என்பது எங்கள் கருத்து.

கொடுப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. நிலத்தை உங்களிடமே வைத்துக்கொண்டு விளையாட அனுமதிப்பது ஒன்று. பாழ்கிணறு இருந்தால் மூடி, முள்ளையும் கண்ணாடிச் சில்லையும் பொறுக்கி, நிழலுக்கு ஒரு புங்கமரம் வைத்து, குடிநீர்ப் பானை ஒன்று வைத்தால் போதும். ஊராட்சிக்கே நிலத்தைக் கொடுப்பது மற்றொன்று. அசையாச் சொத்தைத் தானமாகத் தருவது பொதுவாகப் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலமாகவே செல்லும், வாய்ச்சொல் செல்லாது. எவ்வழியில் தந்தாலும், எந்தத் தெருப் பிள்ளை வரலாம், எந்தத் தெருப் பிள்ளை வரக்கூடாது என்ற பேச்சு ஊரில் எழும். எல்லாத் தெருவுக்கும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், திடல் முழுவதையும் கிரிக்கெட் விழுங்கிவிடும், பாண்டிக்கட்டம் கிழிக்க ஒரு மூலைகூட மிஞ்சாது.

நீச்சல் கற்றுக்கொடுப்பதும் கொடையாகுமா?

இந்தப் பகுதியில் அதைவிடப் பெரியது சிலவே. சித்திரை, வைகாசியில் பிள்ளைகள் காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கித்தான் பந்து ஆடுகிறார்கள். மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12 அன்று திறக்கப்பட்டால், மூன்று நான்கு நாட்களில் நீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் வழியாகப் பிரிந்து கடைமடை நோக்கிப் போகிறது. நேற்று ஸ்டம்பு நட்ட இடத்தில் இன்று இழுக்கும் நீர் ஓடும்; மதகடியில் சுழலும். நீந்தத் தெரிந்த சித்தப்பாவோ மாமாவோ கோடை விடுமுறையில் பாதுகாப்பான குளத்தில், தம் வீட்டுப் பிள்ளைகளோடு தெருப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு பழக்கினால், அது பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே இருக்கும். ஒருவர் நான்கு பிள்ளைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் இறக்க வேண்டாம். கரையில் கயிறோடு இன்னொருவர் நிற்க வேண்டும்.

புயல், வெள்ளக் காலத்தில் பிள்ளைகளை எப்படி ஈடுபடுத்துவது?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் கரைக்கு வந்த பழந்துணிகள் உடுத்த ஆளின்றிச் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. வீட்டில் கழித்ததையெல்லாம் அனுப்பும் அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா கரையைக் கடந்தபின் தென்னையும் கூரையும் போன ஊர்களில், முதல் நாட்களில் வேண்டியிருந்தவை குடிநீரும் தார்ப்பாயும் மெழுகுவத்தியும் கொசுவத்தியும். அவற்றைப் பெரியவர்கள் கொண்டுபோகட்டும். மரம் சாய்ந்த சாலைக்குச் சிறுவர்களை அழைத்துச் செல்லக்கூடாது. முகாமில் பிள்ளைகள் பல நாள் செய்வதற்கு ஒன்றுமின்றி அஞ்சி உட்கார்ந்திருப்பார்கள் என்பதால், ஒரு பந்து, தாயக்கட்டை, வண்ணச் சுண்ணக்கட்டி, தாள் ஆகியவை அடங்கிய பையை உங்கள் வீட்டுப் பிள்ளை தயாரிக்கலாம். எதை வைத்து எத்தனை பேர் ஆடலாம் என்பது உங்களைவிட அதற்கு நன்றாகத் தெரியும்.

வேறு மதத்தினரின் கொடைகளில் எங்கள் பிள்ளைகள் பங்கேற்கலாமா?

நடைமுறையில் ஏற்கெனவே பங்கேற்கிறார்கள். ரமலானில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு நிற்கும் வரிசையில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வீடுகளில் எல்லா மதமும் உண்டு. வாங்குவதற்கு மட்டுமின்றிக் கொடுப்பதற்கும் போகட்டும். பெருநாள் தொழுகைக்கு முன் தர வேண்டிய ஃபித்ராவை, குடும்பத் தலைவர் சின்னஞ்சிறு பிள்ளையின் பெயரிலும் கணக்கிட்டுத் தருகிறார் என்பதை நண்பனின் வீட்டில் பார்த்து அறிந்துகொள்ளும் பிள்ளைக்கு, அதைப் பற்றித் தனியாக வகுப்பு எடுக்க வேண்டியிராது.

விளையாடும் கூட்டத்தில் ஒரு பையனுக்கு மட்டும் மட்டை வாங்க வசதியில்லை. அவனுக்கு வாங்கித் தரலாமா?

அவனுக்கென்று தனியாக வாங்கித் தர வேண்டாம், கூட்டத்துக்கென்று வாங்குங்கள். ஒருவன் மட்டும் இலவசமாகப் பெற்றான் என்பது ஆட்டத்தில் சண்டை வரும் முதல் நாளிலேயே சொல்லிக்காட்டப்படும். நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு மட்டையும் பந்தும் வாங்கி, திடலுக்கு அருகிலுள்ள வீட்டுத் திண்ணையில் வையுங்கள். யார் வாங்கியது என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். பந்து தொலைந்தால் எல்லாரும் ஆளுக்கு ஐந்து ரூபாய் போடுவது என்ற விதியை அவர்களே வகுத்துக்கொள்வார்கள். அந்த ஐந்து ரூபாயும் இல்லாதவனுக்கு என்ன செய்வது என்பதையும் அவர்களே பேசி முடிப்பார்கள். அந்தப் பேச்சில் பெரியவர்கள் தலையிட வேண்டாம்.